குடை பிடித்த கை

“அந்தக் கை எங்கம்மா?”

கேட்டது, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிற அத்தை. மாமா கடைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் கேள்வி அவரைத் தாண்டி, திரைக்குப் பின்னால் நின்ற என்னிடம் வந்தது. பிரேம் போட்ட படத்தை இரண்டு கையாலும் பிடித்து, முகத்துக்கு மிக அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகக் கேட்கவில்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களில் ஒரு கரண்டி குறைந்தால் கேட்போமே, இங்கேதானே கிடக்கும், எடு என்கிற மாதிரி. அப்படிக் கேட்டார்.

எந்தக் கை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதை வெட்டி எடுத்தது நான்தான். அது யாருடைய கை என்பதுதான் தெரியாது.

மாமாவுடையது பிரேம் கடை. ஒரு பக்கம் சைக்கிள் கடை, மறுபக்கம் டீக்கடை, எதிரே மருத்துவமனையின் பின்சுவர். மாமா முன்பக்கம் உட்கார்ந்து மரம் அறுப்பார், வைர ஊசியால் கண்ணாடி கீறுவார், வருகிறவர்களோடு ஓயாமல் பேசுவார். திரைக்குப் பின்னால் ஒரு மேஜையும் நானும். படத்தை அளவுக்கு வெட்டுவது, கண்ணாடியைச் செய்தித்தாளால் துடைப்பது, பின்பலகை வைத்து ஆணி இறக்கிப் பழுப்புக் காகிதம் ஒட்டுவது என் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை. அதற்காகத்தான் அம்மா என்னைத் தன் தம்பியிடம் கொண்டுவந்து விட்டாள். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போது ‘உள்ளேன்’ என்று சொல்ல எனக்குத் தொண்டை திறக்கவில்லை. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே முப்பத்தெட்டு நாள் வராதவளாகிவிட்டேன்.

மேஜை வேலைக்கு மாமா இரண்டு விதிகள் வைத்திருந்தார். ஒன்று, வெளியாள் கை. படங்களின் ஓரத்தில் எப்போதும் யாராவது நுழைந்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் முழங்கை, ஏதோ ஒரு குழந்தையின் அரைக்கால், படம் பிடித்தவரின் நிழல். “சுவத்துல மாட்டி வெக்கிறவன் அடுத்தவன் முழங்கையையா பாத்துக்கிட்டு உக்காருவான்? வெட்டு” என்பார். கேட்காமலே வெட்டிக் கொடுத்தால் வந்தவர்களுக்கு முகம் மலரும். இன்னொன்று, கெட்டி அட்டையை எறியக் கூடாது. மழைக்காலத்தில் மரம் ஊதிக் கோணும். பின்பலகைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு பக்கம் சந்து விழும், படம் உள்ளே லொடலொடவென்று ஆடும். அந்தச் சந்தில் அட்டைத் துண்டைச் செருகித்தான் ஆணியடிப்போம். அதற்காக மேஜை ஓரத்தில் ஒரு தகர டப்பா நிறையத் துண்டுகள் இருக்கும்.

அந்த வியாழக்கிழமை விடாத மழை. முதல் ஆளாக வந்தவர் ரொட்டிக்கடையில் அடுப்பு பார்க்கிறவர். மாவுச் சாக்கைத் தலையில் கவிழ்த்துப் போட்டிருந்தார். சட்டைக்குள்ளிருந்து எடுத்த உறையில் ஒரு குழந்தையின் படம். ரொட்டிக்கடை ஆட்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோவிலிருந்து அந்த ஓர் உருவத்தை மட்டும் ஸ்டுடியோவில் பெரிதாக்கியிருந்தார்கள். மாவு மூட்டை மேல் உட்கார்ந்து, வெயிலுக்கு ஒரு கண்ணைச் சுருக்கியிருந்தான்.

“என்ன வயசு?” என்றார் மாமா.

“நாலு முடியல. கடைக்கு அப்பாவைப் பாக்கப் போறேன்னு மழையில ஓடி வந்துட்டான். வழியெல்லாம் நனைஞ்சு, காய்ச்சல். மூணே நாள்.”

அவர் போன பிறகும் மாமா கொஞ்ச நேரம் ரம்பத்தைத் தொடவில்லை.

மத்தியானத்துக்கு மேல்தான் இஸ்திரி அத்தையும் அவர் மகளும் வந்தார்கள். அவர்களை எனக்குப் பார்த்துத்தான் பழக்கம். இருவரும் சலவைக்கூடத்தில் வேலை. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனை பிடித்து, உதறி, மடித்து, தேய்த்து அடுக்குவார்கள். இருவர் முன்கையிலும் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புகள் கோடு கோடாக இருக்கும். வீட்டில் யாரோ அயல்நாட்டு ராஜா ராணி படம் மாட்டியிருக்கிறார்கள் என்பதற்காக ஊர் அத்தைக்கு ‘மகாராணி’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தது. மகள் பிறந்தபோதே இளவரசி.

“வாங்க மகாராணி. அந்த ராஜா ராணி சம்பந்தி வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? கடுதாசி கிடுதாசி உண்டா?”

“அவங்க கடுதாசி போட்டாலும் அதைப் படிக்க உனக்குத் தெரியுமா? பேசாம இதைப் பாரு” என்று அந்தப் படத்தை நீட்டினார் அத்தை. “கரையான் ஏறிடுச்சுப்பா. படத்துக்கு ஒண்ணும் ஆகல. மரந்தான் தொட்டா மாவா உதிருது.”

“இதே அளவுல போட்டுடலாம்.”

“வேணாம். இவ பெட்டியில அடங்கணும். திங்கக்கிழமை கப்பல். நூல்ல அளந்து முடிச்சு போட்டுக் கொண்டாந்திருக்கேன், இந்தா.”

“கப்பலா! எங்க, சம்பந்தி ஊருக்கா?”

“அது வேற திசையாம் மாமா” என்றாள் இளவரசி. “ஆஸ்பத்திரி வேலை. கடல் தாண்டிப் போனாலும் நமக்குத் துணிதான். ரெண்டு வருஷத்துக்கு லீவு கிடையாது.”

“போய்ட்டு வா, போய்ட்டு வா. கையெழுத்து ரெண்டுக்கும் நான் பொறுப்பு. இந்தப் படத்துக்கு அதுதானே மதிப்பு.”

“பாத்துப் பண்ணுப்பா” என்றார் அத்தை. வேறெதுவும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். இருபது வருடமாக வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் விரல் வைத்துக் காட்டிய ஒன்றை, உலகத்துக்கே தெரியும் என்று நினைத்திருப்பார்.

திரையை விலக்கி மாமா படத்தையும் நூலையும் நீட்டினார். “கையெழுத்து மேல பிளேடு படக் கூடாது பாப்பா.”

பழைய படம். வழவழப்பான தாளை ஒரு கெட்டி அட்டையில் ஒட்டியிருந்தார்கள். கப்பலிலிருந்து துறைக்கு இறக்கிய பலகைப்படியில் ஓர் ஆணும் பெண்ணும் இறங்கி வருகிறார்கள். அவர் தொப்பியைக் கையில் வைத்திருக்கிறார். அவள் கையுறை போட்ட கையால் கவுனைச் சேற்றிலிருந்து தூக்கிப் பிடித்திருக்கிறாள். பெருமழை. அதில் அவள் சிரித்துக்கொண்டே இறங்குகிறாள். இருவர் தலைக்கு மேலும் ஒரு பெரிய கறுப்புக் குடை. குடையின் காம்பு சாய்ந்து வந்து இடது ஓரத்தில் ஒரு கையில் முடிகிறது. கை மட்டும்தான். நனைந்து மணிக்கட்டோடு ஒட்டிய வெள்ளைச் சட்டைக்கை, ஒரு பித்தான், காம்பை இறுக்கிய நாலு விரல், வெளிப்பக்கம் நன்றாக வளைந்த கட்டைவிரல். ஆள் படத்துக்கு வெளியே நின்றிருந்தார். அடியில் மையால் இரண்டு கையெழுத்து. அவளுடைய கையெழுத்தின் வால் வலது ஓரம்வரை ஓடியிருந்தது.

நூலை வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் அகலம் போக வேண்டும். வலதில் வெட்டினால் கையெழுத்து போகும். இடதில் வெட்டினால் அந்தக் கை போகும்.

கேட்கலாம் என்று தோன்றத்தான் செய்தது. மழைக்கு அவர்கள் இருவரும் டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றிருந்தார்கள். ஐந்து எட்டு தூரம். ‘எந்தப் பக்கம் வெட்டட்டும்?’ என்று வாய்க்குள் நாலு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு திரைவரை போனேன். இளவரசி எதற்கோ சத்தமாகச் சிரித்தாள். திரும்பி வந்துவிட்டேன். ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பில் வெட்டினேன். சுத்தமான வெட்டு. அந்தத் துண்டைத் தகர டப்பாவில் போட்டேன்.

சனிக்கிழமை அத்தை கேட்டபோது மாமாதான் முந்திக்கொண்டார்.

“எந்தக் கை அக்கா? ஓ, அதுவா! யாரோ வேலைக்காரன் கை, ஓரத்துல நீட்டிக்கிட்டு இருந்துது. பாப்பா நறுவிசா எடுத்துட்டா. கையெழுத்து ரெண்டும் அப்படியே இருக்கு பாருங்க.”

“அந்த வேலைக்காரன்தான் எங்க வீட்டுக்காரரு” என்றார் அத்தை.

மாமா ரம்பத்தைக் கீழே வைத்தார்.

அத்தை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல் பேசினார். “கெஸ்ட் ஹவுஸ்ல வேலை அவருக்கு. ராஜா ராணி வர்றாங்கன்னு துறையில பதினோரு பேரை நிறுத்தி வெச்சாங்க. திடீர்னு மழை. குடை ஒண்ணுதான் கைக்குக் கிடைச்சுது. இவரு ஓடிப்போய்ப் பிடிச்சாரு. ஊருக்குத் திரும்பிப்போய் அவங்க பதினோரு பேருக்கும் கையெழுத்து போட்டு ஆளுக்கொரு படம் அனுப்பினாங்க. அது வந்து ரெண்டு மாசம், கூரையில ஓடு மாத்த ஏறினவரு வழுக்கி விழுந்தாரு. இவ அப்ப வயித்துல அஞ்சு மாசம்.”

“வேற போட்டோ ஒண்ணுகூட இல்லையாக்கா?” மாமாவின் குரல் மாறிப்போயிருந்தது.

“கல்யாணம் ஆன வாரம் ஸ்டுடியோவுக்குப் போனோம். பூட்டியிருந்துது. அடுத்த வாரம் போலாம்னாரு.” சட்டத்தின் ஓரத்தை விரலால் தடவினார். “முகம் எப்படிம்மா இருக்கும், முகம் எப்படிம்மா இருக்கும்னு இவ கேப்பா. சொல்லிச் சொல்லி எனக்கே இப்ப கலங்கிப்போச்சு. கை மட்டுந்தான் தெளிவா இருக்கு, தினம் பாக்குறதால. இப்ப பாரு, குடை அந்தரத்துல நிக்குது.”

இளவரசி அதுவரை வாசலிலேயே நின்றிருந்தாள். இப்போது வந்து படத்தை வாங்கி, தூக்கிப் பார்த்தாள்.

“அளவு கச்சிதம் மாமா. பெட்டியில ஜம்முனு உக்காரும்.” சிரிக்கிற மாதிரி உதட்டை வைத்துக்கொண்டு பேசினாள். “வெளியூர் ராஜாவும் ராணியும் என்கூடக் கப்பல்ல வர்றாங்க. எங்கப்பா மட்டும் வரல.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டாள். தன் வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டி, கட்டைவிரலை வளைத்துக் காட்டினாள். அது வெளிப்பக்கம் வில்லாக வளைந்தது. “இது அவருதுன்னு நான் கண்டுபிடிச்சப்போ எனக்கு ஏழு வயசு. பக்கத்துல வெச்சு வெச்சுப் பாப்பேன். வெட்டும்போது உனக்கு ஒண்ணுமே தோணலையா? ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? நாங்க டீக்கடையிலதானே நின்னோம்?”

“அவளை விடும்மா, பேசத் தெரியாத பொண்ணு” என்றார் மாமா.

“பேசத் தெரியாட்டி வெட்டத் தெரியுமோ!”

சொல்லியாக வேண்டியிருந்தது. “எறியல” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “எறியலக்கா. சந்துக்கு வெச்சிருக்கேன்.”

“எந்தச் சந்துக்கு?”

தகர டப்பாவை மேஜையில் கவிழ்த்தேன். அது இல்லை. இருக்காது என்று தெரியும். கெட்டித் துண்டு, நீளத் துண்டு, வியாழன் வெள்ளியில் மூடிய ஏதோ ஒரு பிரேமுக்குள் போயிருந்தது. எந்தெந்த பிரேம் என்று கேட்டால் மாமாவுக்குச் சொல்லத் தெரியாது. அவருக்கு எல்லாம் வாய்க்கணக்கு. பசை வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த என் நோட்டை எடுத்தேன். மேஜைக்கு வருகிற ஒவ்வொரு படத்தைப் பற்றியும் இரண்டு வரி அதில் எழுதி வைப்பேன். யாருக்கும் காட்டியதில்லை.

“அடிப்பாவி, கடைக்குள்ளயே ஒரு உளவுத்துறையா!” என்றார் மாமா. ஆனால் ஆவலாக எட்டிப் பார்த்தார்.

மூன்று பிரேம். மருந்துக்கடைக்காரரின் லைசென்ஸ். லாரி டிரைவர் மகளின் கல்யாணப் படம். ரொட்டிக்கடை அடுப்புக்காரரின் குழந்தை.

முதலிலேயே எனக்குத் தெரியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். குழந்தையின் படம் மூடும்போது இடது பக்கம் கொஞ்சம் ஆடியது. அந்த ஒரு படம் ஆடவே கூடாது என்று டப்பாவில் தேடி, இருந்ததிலேயே நல்ல துண்டாக எடுத்துச் செருகினேன். ஆனால் அன்று அதைச் சொல்லவில்லை. அந்த வீட்டைக் கடைசியில் வைத்தேன்.

அத்தைக்கு இரண்டு மணிக்கு ஷிப்ட். வார்டு விரிப்புகள் மலையாகக் குவிந்திருக்கும், போகாமல் இருக்க முடியாது. “முழுசா கிடைச்சா போதும். ஒட்ட வெச்சுக்கலாம்” என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். மாமா, இளவரசி, நான், மூவரும் குறடும் உளியும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

மருந்துக்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். “நேத்துதான்யா மாட்டினேன்! லைசென்ஸ் சுவத்துல இல்லாம கடை திறந்திருக்கக் கூடாதுன்னு ரூல். இன்ஸ்பெக்டர் வந்தா நீ பதில் சொல்வியா?”

“ஷட்டரை இறக்குங்க. கடை மூடியிருந்தா ரூல் இல்லைல்ல.”

“உள்ள ஒருத்தருக்குக் கட்டு போட்டுக்கிட்டு இருக்கேன்யா!”

“அவரும் உள்ளயே இருக்கட்டும். சாட்சி.”

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, காலில் பாதிக் கட்டோடு உட்கார்ந்திருந்தவர் டார்ச் பிடிக்க, பிரித்தோம். காலண்டர் அட்டைத் துண்டு. “பத்து நிமிஷம் சட்டவிரோதமா நின்னிருக்கேன். என் வாழ்நாள்ல இல்லாதது” என்று மருந்துக்கடைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்து மாமா சிரித்தார். இளவரசியும் கொஞ்சம் சிரித்தாள். கிடைத்துவிடும் என்று அப்போது அவள் நம்பியிருந்தாள்.

டிரைவர் வீட்டில் சிரிப்பு வரவில்லை. ஈரத்தில் மரம் ஊதி ஆணி கவ்விக்கொண்டது. இளவரசி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உளியைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிவிட்டேன். கண்ணாடியில் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு விரிசல் ஓடியது.

“ஐயோ, புதுப்பொண்ணு மூஞ்சியில கோடு விழுந்துடுச்சே!” என்று டிரைவரின் மனைவி கத்தினார். “நல்லா இருந்ததை எதுக்குய்யா வந்து பிரிச்சீங்க? ஊர்ல செத்தவன் கையைத் தேட என் பொண்ணு கல்யாணப் படந்தான் கிடைச்சுதா?”

“ஒரு மணி நேரத்துல புதுக் கண்ணாடி போட்டுத் தரேன் அண்ணி. சத்தியமா” என்றார் மாமா. உள்ளே இருந்தது நீல அட்டை. ஏதோ செருப்புப் பெட்டியுடையது.

மாமா கல்யாணப் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்குத் திரும்பினார். போகும்போது என்னைத் தனியாக இழுத்து, “அந்த வீட்டுல நீதான் பேசணும் பாப்பா. என்னால ஆகாது” என்றார். இவ்வளவு பேசுகிற மாமா.

தெருவில் இருவர் மட்டும் நடந்தோம். தூறல். இளவரசியிடம் ஒரு குடை இருந்தது. அதற்குள் என்னையும் இழுத்துக்கொண்டாள். என் மேல் அவ்வளவு கோபத்திலும் நான் நனையக் கூடாது என்று கை தானாக நீண்டதைப் பார்த்தேன்.

“அங்கதான் இருக்கும், இல்ல?” என்றாள்.

“ம்.”

“அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?”

சொன்னேன். அவள் நடை கொஞ்சம் தளர்ந்தது.

ரொட்டிக்கடைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அடுப்பும் வீடும் ஒரே சுவர். ஊரெல்லாம் நசநசவென்று ஈரமாக இருந்தபோது அந்த அறை மட்டும் காய்ந்து, ரொட்டி வேகிற மணத்தோடு கதகதப்பாக இருந்தது. கிழிந்த மாவுச் சாக்குகளைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. அடுப்புச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேல் குழந்தையின் படம். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

“என்னம்மா? நீ பிரேம் கடைப் பொண்ணுதானே?”

வாய்க்குள் சொல்லிப் பார்க்க நேரமில்லை. சொல்லத் தொடங்கினேன். நடுவில் இரண்டு முறை குரல் நின்றது. இளவரசி உதவிக்கு வரவில்லை. எல்லாவற்றையும் நானே சொல்லி முடித்தேன்: நான் வெட்டியது, அது யாருடைய கை என்பது, எங்கே செருகினேன் என்பது, வேறு இரண்டு வீட்டு பிரேமைப் பிரித்துத் தேடியது, நாளை மறுநாள் கப்பல் என்பது.

அவர் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தார்.

“இறக்க மாட்டேன்.”

“பிரிச்சுட்டு அப்படியே மூடிக் கொடுத்துடறேன்கா.”

“முந்தின வீட்டுலயும் அப்படித்தான் சொன்னியா?”

நான் சுவரிலிருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

“கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு பாக்கலாம். என் கண்ணைப் பாத்துச் சொல்லு.”

பொய் சொல்ல வரவில்லை. “ஒரு கண்ணாடி விரிஞ்சுபோச்சுக்கா” என்றேன். “புதுப் படம். ஈரத்துல கண்ணாடியோட ஒட்டியிருந்தா, எடுக்கும்போது உரியவும் உரியும்.”

அடுப்புக்காரர் மாவுக் கையோடு வாசலில் வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகக் கேட்டாரோ. “பாவம், அந்தப் பொண்ணு கப்பலேறப் போவுது. ஸ்டுடியோவுல கேட்டா நமக்கு இன்னொரு படம் போட்டுக் கொடுப்பாங்க” என்றார்.

“நீ சும்மா இரு! இன்னொண்ணு இன்னொண்ணுதான். இதை நான் என் கையால ஆணியடிச்சு மாட்டினேன். அதுக்கப்புறந்தான் நேத்து ராத்திரி கண்ணை மூடினேன். இப்ப இறக்கினா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். என்னால முடியாது.” பிறகு இளவரசியைப் பார்த்து, கொஞ்சம் தணிந்து, “தப்பா நினைக்காதேம்மா. வெளிச்சுவர் ஈரமா இருக்குன்னு இந்தச் சுவத்துல மாட்டியிருக்கேன். இங்கதான் சூடு” என்றார்.

இளவரசி தலையை ஆட்டினாள். தரையில் உட்கார்ந்து படத்தையே பார்த்தாள். அடுப்புக்காரர் இரண்டு டம்ளரில் டீயும் சூடான ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். யாரும் தொடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டுகளை இழுத்துப் போடும் ஓசை.

அந்த அம்மா கேட்டார், என்னிடம்தான். “அந்தக் கை என்ன பண்ணிக்கிட்டு இருக்கும் படத்துல?”

“குடை பிடிச்சிருக்கும்கா. மழையில.”

அவர் மெல்லத் திரும்பிப் படத்தை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சாக்கின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன.

“எந்தப் பக்கம்?”

“அவனுக்கு இடது தோள் பக்கம். பின்னாடி.”

“என்கிட்ட குடை இருந்துது” என்றார். “கதவுக்குப் பின்னாடியே தொங்குச்சு. இங்கேருந்து கடை நாலு எட்டு, அதுக்குள்ள என்ன நனைஞ்சிடப் போறான்னு இருந்துட்டேன். அவன் நேரா போகல. சுத்திச் சுத்தித் தண்ணியில விளையாடிட்டுப் போயிருக்கான்.”

அடுப்புக்காரர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார்.

அந்த அம்மா எழுந்தார். மூலையில் கிடந்த முக்காலியை இழுத்துவந்து படத்துக்கு நேர் கீழே போட்டார். முந்தானையால் ஒரு முறை துடைத்தார்.

“எடுத்துக்கம்மா” என்றார் இளவரசியிடம். “அவரு உன் அப்பா. எடுத்துக்கோ. நான் பாக்கல.” சொல்லிவிட்டு எதிர்ச்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

இளவரசி முக்காலியில் ஏறினாள். நான் குறட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அவள் படத்தின் இரண்டு பக்கத்தையும் பிடித்தாள். இறக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். குழந்தையின் இடது தோள் பக்கத்து மரத்தின்மேல் அவளுடைய கட்டைவிரல் வெளிப்பக்கமாக வளைந்து அழுந்தியிருந்தது. அப்படியே நின்றாள். அடுப்புச் சூடு அவள் முகத்தில் பட்டுக்கொண்டிருக்கும்.

படம் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதை நேராக்கினாள். தலையைப் பின்னுக்கு இழுத்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். இன்னும் ஒரு நூல் அளவு நகர்த்தினாள்.

இறங்கினாள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய், முன்பு இருந்த மூலையிலேயே வைத்தாள். கதவோரம் செருப்பை மாட்டினாள். அந்த அம்மா திரும்பிப் பார்ப்பதற்குள், என்னையும் கூப்பிடாமல், ஒரு வார்த்தையும் பேசாமல், படியிறங்கிப் போய்விட்டாள்.